செஞ்சிக்குப் போகாத சுரங்கம்

எங்கள் பக்கத்தில் எங்கே பள்ளம் விழுந்தாலும் அது செஞ்சிக்குத்தான் போகும். திண்டிவனத்தில் குழாய் புதைக்கத் தோண்டிய இடத்தில் மண் சரிந்தால், டீக்கடை வாசலில் நிற்பவர் கிளாஸை வைத்துவிட்டு, "அது செஞ்சி ராஜா போன சொரங்கம்பா" என்பார். முகையூர்ப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றின் சுவரில் பொந்து தெரிந்தாலும் அதே ராஜாதான். அந்த ராஜா தரைமேல் ஒருநாளாவது நடந்தாரா என்று நான் வகுப்பில் கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒருவன் எழுந்து, "எங்க ஊர்ல நெஜமாவே இருக்குது சார்" என்பான்.

திண்டிவனத்தில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு வரலாறு சொல்லித் தரும் வேலை எனக்கு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். விழுப்புரத்தில் எம்.ஏ. படித்த காலத்தில், துருக்கி நாட்டில் தரைக்கடியில் இருக்கும் பழைய நகரங்களைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். வீட்டைப் புதுப்பிக்கச் சுவரை இடித்த ஒருவருக்குப் பின்னால் ஓர் அறை கிடைக்கிறது. அறைக்குப் பின்னால் வழி. வழிக்குக் கீழே அடுக்கடுக்காக ஒரு நகரமே. மாட்டுத்தொழுவம், சமையலறை, கிணறு, காற்று வர மேலே போகும் துளைகள், உள்ளிருந்து மட்டும் உருட்டி அடைக்க முடிகிற வட்டக்கல் கதவுகள். படை வந்தால் ஊரே ஆடு மாட்டோடு இறங்கிவிடும். படை போனபின் ஏறி வரும்.

அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஓர் அரிப்பு. செஞ்சியைப் பிடிக்க எத்தனையோ படைகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போயின. ராஜா மலைமேல் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கோட்டைக்குள் இடம் கிடைக்காதவன் எங்கே போனான்? நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் எங்கே போனாள்? எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை, எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. நான் மட்டும் வகுப்புக்கு வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எனக்கு 'சொரங்க சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அக்கா போன் செய்தபோதும் வகுப்பில்தான் இருந்தேன். வகுப்பு நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள். வெளியே வந்து எடுத்தேன்.

"தம்பி, வூட்டுக்குக் கடக்கா தோண்டச்சொல்ல கொழி வுழுந்துகிச்சிடா. உங்க மாமா கடப்பாரைய வுட்டுட்டாரு."

"கால்ல போட்டுக்கினாரா?"

"காலு இல்லடா. உள்ள பூடுச்சி. ஓங்கிக் குத்துனாரு, கைய வுட்டு அப்பிடியே மண்ணுக்குள்ள பூடுச்சி. அப்பாலதான் கீழருந்து 'ணங்'னு சத்தம் வருது."

பாதி வகுப்பில் கிளம்பினேன். செஞ்சிப் பேருந்தில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. படிக்கட்டுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். "சார், எறங்குறதுன்னா எறங்கு, ஒக்கார்றதுன்னா ஒக்காரு, பேஜாரு பண்ணாத" என்றார் கண்டக்டர். வல்லத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், எதிரே வந்த பைக்கை மறித்து ஏறிக்கொண்டேன்.

அக்காவின் வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். போன புயலில் ஏரி உடைத்துக்கொண்டு காலனிக்குள் தண்ணீர் வந்தது. அவள் குடிசைச் சுவர் உப்பி உட்கார்ந்துவிட்டது. அக்கா, மாமா, இரண்டு பெண் குழந்தைகள், எல்லாரும் பள்ளிக்கூட வராந்தாவில் கிடந்தார்கள். அப்புறம் மூங்கில் நட்டு மேலே தார்ப்பாய் போட்டுக்கொண்டு இருந்தார்கள். விக்கிரவாண்டி ஓட்டல் ஒன்றில் மாமா பரோட்டா மாஸ்டர். வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். எங்கள் அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போயிருந்தார்கள். பல வருடம் கேட்டுக் கேட்டு, அரசு வீட்டுத் திட்டத்தில் அக்காவின் பெயர் வந்தது. மாதக் கடைசிக்குள் பேஸ்மட்டம் ஏறிவிட வேண்டும். ஓவர்சீர் வந்து போனில் போட்டோ எடுப்பார். ஏறாவிட்டால் பெயரை அடித்துவிட்டு வீட்டை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இதற்காக மாமா ஓட்டலில் லீவு சொல்லிவிட்டுக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்.

நான் போனபோது காலனியே அங்கே நின்றது. கடைக்காலின் மேற்கு மூலையில், முறத்தளவு வாய் வைத்து ஒரு குழி. உள்ளே கறுப்பு. ஒருவன் கல்லைப் போட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.

"செஞ்சிக்குப் போவுதுடா இது."

"நல்லதாப் போச்சி. பஸ்ஸு வரலன்னா இதுல போய்க்கலாம்."

"மாஸ்டரு, பொதையல் கெடைச்சா எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு பரோட்டாவது போடு."

"அட போப்பா, என் கடப்பாரை கெடைச்சாப் போதும்" என்றார் மாமா. அவர் முகம் சிரிக்கவில்லை. அக்கா கிட்டேயே நின்றிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள், கை முழுக்க மண்.

"இன்னாடா இது?" என்றாள் என்னைப் பார்த்ததும். "நீதான படிச்ச. சொல்லு, மூடிட்டு வேலையப் பாக்கலாமா?"

நான் அதற்குள் மண்ணில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டிருந்தேன். போன் வெளிச்சத்தில் குழியின் சுவர் தெரிந்தது. வாய் சிறிது, வயிறு பெரிது, பானையைப் போல. சுவரில் பூச்சு இருந்தது. மனிதர் செய்தது. என் நெஞ்சு அடித்த அடிப்பில் கீழே இருந்த மண் உதிர்ந்தது போல் எனக்குத் தோன்றியது.

"மூடாத. யாரும் தொடாதீங்க" என்று கத்தினேன்.

அக்கா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

சேதி ஊர்த்தெருவுக்குப் போக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கோயில் தர்மகர்த்தா பைக்கில் வந்தார். எங்கள் காலனிக்குள் அவர் வருவது ஓட்டு கேட்கிற காலத்தில்தான். வண்டியை விட்டு இறங்காமலே குழியை எட்டிப் பார்த்தார். ஊர்த்தெரு அம்மன் கோயிலுக்குப் பின்னால் கல் வைத்து அடைத்த ஒரு பொந்து உண்டு. அதுவும் செஞ்சிக்குப் போவதாகத்தான் பேச்சு. அந்தக் காலத்தில் அதில் விட்ட ஆடு செஞ்சி மலையடிவாரத்தில் வெளியே வந்ததாம். ஆடு யாருடையது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

"இது கோயில் சொரங்கம்" என்றார். "கோயில்லருந்து செஞ்சிக்குப் போற வழி. மேல யாரும் வூடு கட்டக் கூடாது. சாமி குத்தமாப் பூடும்."

"பட்டா என் பேர்ல இருக்குதுங்க ஐயா" என்றாள் அக்கா.

"பட்டா மேல்மண்ணுக்கும்மா. கீழ இருக்கறது கோயில் சொத்து. சொரங்கம் எங்க எங்க போவுதோ அந்த எடம் பூராவும் கோயிலுக்குத்தான் சொந்தம்." என் பக்கம் திரும்பினார். "தம்பி ஹிஸ்ட்ரி படிச்சவரு. அவரையே கேளு."

வாயைத் திறந்தால் எதில் போய் முடியும் என்று தெரியவில்லை. மறுநாளே வி.ஏ.ஓ. வந்து, புகார் வந்திருக்கிறது, விசாரித்து முடிக்கும்வரை வேலை நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மணலும் ஜல்லியும் தார்ப்பாய்க் குடிசை வாசலில் குவிந்து கிடந்தன. குழந்தைகள் ஜல்லி மேல் ஏறிச் சறுக்கினார்கள். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

அந்த நாட்களில் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. திண்டிவனத்துக்குப் போனால் ஊர் இழுத்தது. ஊருக்கு வந்தால் குழியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தேன். விழுப்புரத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

"எதையும் தொடாதப்பா, போட்டோ மட்டும் எடு" என்றார். "துறைக்கு எழுதிடுவோம். அவங்க வந்து பாப்பாங்க. கொஞ்சம் டைம் ஆவும். ஆனா முக்கியமான விஷயமா இருக்கலாம். உன் பேரு வரும்யா."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டைம் ஆவும்னா எவ்ளோ?" என்றாள், போன் வைத்த பிறகு.

"தெரியலக்கா. மாசக்கணக்குல ஆவலாம்."

"அதுக்குள்ள என் பேர அடிச்சிடுவான்."

"சொல்லிப் பாக்கலாம்..."

"யார்கிட்ட? ஒரு பக்கம் அவரு கோயில் சொரங்கம்னு சொல்லி நிறுத்துறாரு. இன்னொரு பக்கம் நீ பழசு, தொடாதன்னு சொல்லி நிறுத்துற. ரெண்டு பேருக்கும் நான் எங்க தூங்கறேன்னு கவல இல்ல. அவரு வேற ஆளு. நீ இன்னாடா?"

எழுந்து வெளியே வந்தேன். தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னது நியாயம். ஆனாலும் கால் குழிப் பக்கம்தான் போனது.

மறுநாள் வெயில் ஏறியதும் இறங்கினேன். முதலில் ஒரு வாளியில் விளக்கை ஏற்றி வைத்து மாமா கயிற்றில் விட்டார். விளக்கு அணையவில்லை. "காத்து இருக்குது, போ மச்சான்" என்றார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். மேலே மாமாவும் நாலைந்து பேரும் பிடித்துக்கொண்டார்கள். "ஜல்தி வந்துடு. அந்தப் பக்கம் செஞ்சியில எறங்கிட்டு சினிமா பாக்கப் பூடாத" என்று ஒருவன் கத்தினான்.

உள்ளே குளுமை. மண் வாசனையோடு பழைய சாம்பல் வாசனை. மாமாவின் கடப்பாரை நட்ட நடுவில் செங்குத்தாக நின்றது. சுவரில் களிமண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சில் விரல் இழுத்த தடம். நாலு நாலு கோடாக, வளைந்து வளைந்து, சாணி மெழுகும்போது விழுமே, அது மாதிரி. சின்ன விரல்கள். நெஞ்சு உயரத்தில் ஒரு மாடக்குழி. அதன் மேல்விளிம்பு கரி பிடித்திருந்தது.

தரையோடு ஒட்டி மேற்கே ஒரு திறப்பு. தவழ்ந்து போனேன். இன்னோர் அறை. முதல் அறையைவிடப் பெரிது. நாலு குடும்பம் நெருக்கி உட்காரலாம். திறப்பின் உள்பக்கத்தில் ஒரு பலகைக்கல் சாய்ந்து நின்றது. தோள் கொடுத்து அசைத்துப் பார்த்தேன். கொஞ்சம் நகர்ந்தது. உள்ளே இருப்பவர் அடைக்கலாம். வெளியே இருப்பவர் பிடித்துத் தள்ள அதில் ஒன்றுமில்லை. தானியம் வைக்கிற குழிக்கு எதற்கு உள்பக்கம் கதவு? கேழ்வரகு தன்னைத் தானே பூட்டிக்கொள்ளாது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு நாள் நான் தேடிய ஆள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. நாற்று நட்டவள். மேலே குதிரைச் சத்தம் கேட்டிருக்குமா, குழந்தை அழுதிருக்குமா, வாயைப் பொத்தினாளா? சுற்றிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். அறைக்கு அப்பால் வழி இல்லை. மூன்று பக்கமும் கெட்டிச் சரளை. கூரையின் ஒரு மூலையில் மட்டும் கை நுழைகிற அளவு ஓர் ஓட்டை, மேல்நோக்கி. கோயில் இருப்பது கிழக்கே. இதுவோ மேற்கே போகிறது.

ஆக, எனக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. இது கோயில் சுரங்கம் இல்லை. இது ஒளிந்துகொள்ள வெட்டிய பழைய இடம். முதலாவதைச் சொன்னால் அக்காவுக்கு வீடு. இரண்டாவதைச் சொன்னால் வேலை நிற்கும். இரண்டும் உண்மை. கயிற்றை இழுத்தேன்.

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தபோது ஊர்த்தெருவும் காலனியும் குழியின் இரண்டு பக்கமும் நின்றன. உள்ளே ரெண்டு அறைதான், அதற்குமேல் வழி இல்லை என்று சொன்னேன். தர்மகர்த்தா சிரித்தார்.

"அக்கா வூட்டுக்காக தம்பி சொல்றாரு. வழிய மண்ணு மூடியிருக்கும். தோண்டுனா தெரியும்."

"நீங்களே எறங்கிப் பாருங்களேன் ஐயா, கயிறு இருக்குது" என்றாள் அக்கா.

"நான் எதுக்கும்மா எறங்கணும்?"

அப்போது மாமா ஒன்று சொன்னார். பரோட்டா போடப் போவதற்கு முன்னால் வயலில் எலி பிடித்து வளர்ந்தவர் அவர். அறுப்பு முடிந்த வயலில் எலி வளையின் வாயில் ஓட்டைப் பானையை வைத்து, உள்ளே வைக்கோலைக் கொளுத்தி ஊதுவார்கள். வளைக்கு எத்தனை வாசல் உண்டோ அத்தனையிலும் புகை வரும். எலி எந்த வாசலில் ஓடும் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

"பொகை போடுவோங்க. கோயில் பொந்துல பொகை வந்தா, நான் மனைய வுட்டுடறேன். வரலன்னா எங்கள வுட்ருங்க."

வி.ஏ.ஓ. கொஞ்சம் யோசித்தார். அவருக்கு இது சீக்கிரம் முடிந்தால் போதும். "ரெண்டு பக்கமும் சம்மதமா?"

"சம்மதம்" என்றார் தர்மகர்த்தா உடனே. சுரங்கம் கோயிலுக்குத்தான் போகிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகமில்லை. எங்கள் பக்கத்திலேயே பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். அக்கா மாமாவை முறைத்தாள். "பந்தயம் கட்றதுக்கு உங்களுக்கு வேற எதுவும் கெடைக்கலியா?"

"வேணாங்க, உள்ள கரி படிஞ்சிடும், பழைய கரி எது புதுக் கரி எதுன்னு தெரியாமப் பூடும்" என்றேன் நான். எல்லோரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். நல்லவேளை, போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.

துரு ஏறிய ஒரு பாதி டிரம்மில் வைக்கோலும் கடலை பறித்துப்போட்ட காய்ந்த மல்லாட்டைக் கொடியும் அடைத்துக் கொளுத்தி உள்ளே இறக்கினார்கள். ஈரச்சாக்கால் வாயை மூடி, ஓரத்தில் நெல் தூற்றுகிற பெரிய பேனை வைத்துக் காற்றை உள்ளே தள்ளினார்கள். பாதிக் கூட்டம் கோயில் பொந்தைப் பார்க்க ஓடியது. அங்கே ஒருவன், இங்கே ஒருவன், இருவர் காதிலும் போன்.

"வருதா?"

"இன்னும் வரல."

"பாருடா நல்லா."

"லேசா வருது... இருடா, இருடா... அது பூசாரி. பீடி பத்த வச்சிகினுகீறாரு."

சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்து, ஒரு கல்லை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். வழி இல்லை என்று பார்த்தவன் நான். ஆனால் அந்த ஓட்டை மேலே போய் எங்கே திரும்புகிறதென்று யாருக்குத் தெரியும்? துருக்கியில் காற்றுத் துளைகள் எங்கெங்கோ போய்த் திறந்தன. கோயில் பக்கம் திரும்பியிருந்தால்? பேனுக்கும் சாலைக்கும் இடையில் நடந்தேன். திரும்ப நடந்தேன்.

சத்தம் கோயிலிலிருந்து வரவில்லை. மேற்கே, அக்கா மனையை ஒட்டிய காலனிக் கடைசி வேலிக்கு அந்தப் பக்கம், கோழிகள் ஒட்டுமொத்தமாகக் கத்தின.

வேலிக்கு அந்தப் பக்கம் தர்மகர்த்தாவின் நிலம். மகனுக்காக அங்கே புதிதாகக் கோழிப்பண்ணை போட்டிருந்தார். பண்ணையின் வலைக்குள்ளிருந்து புகை திரள் திரளாக வந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வலையில் மோதின. வேலைக்கு இருந்தவன் முண்டாசை வாயில் கட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்து, "நெருப்புப் பிடிச்சிகிச்சி" என்று அலறினான். "நெருப்பு இல்லடா, ராஜா வராரு" என்று யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். மாமா ஓடிப்போய் பேனை நிறுத்தினார்.

கோழிகள் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பண்ணைத் தரையில், மூலையில், செங்கல்லுக்கு நடுவே ஒரு விரிசல். அதிலிருந்து இன்னும் நூலாகப் புகை.

அக்கா எழுந்து வந்தாள். மிக மரியாதையாகக் கேட்டாள். "சொரங்கம் எங்க எங்க போவுதோ அந்த எடம் பூராவும் கோயிலுக்குன்னு சொன்னீங்களே ஐயா. அப்ப கோழிப்பண்ணையும் கோயிலுதுங்களா?"

ஊர்த்தெரு ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள். வி.ஏ.ஓ. பேனாவைத் திறந்து, "இன்னாங்க எழுதட்டும்?" என்றார்.

தர்மகர்த்தா வேட்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"எலி வளைதான்யா" என்றார். "இந்த மண்ணுல எலி ஜாஸ்தி. போங்கய்யா, எல்லாரும் வேலையப் பாருங்க."

வி.ஏ.ஓ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். "சார், நீங்க உள்ள பாத்தீங்க. பழசுன்னு நீங்க சொன்னா நான் எழுதிடுவேன். எழுதுனா மேல போவும். மேல போனது திரும்பி எப்ப வரும்னு நான் சொல்ல முடியாது. இன்னா சொல்றீங்க?"

அக்கா தூரத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோயிலுக்குப் போற வழி இல்ல சார். அதுதான் எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னதில் பொய் இல்லை. முழுசும் இல்லை. எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்படியும் அன்றைக்கு எதையோ விட்டுவிட்டு வந்தவனைப் போலச் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மாமா டிராக்டரில் இடிசல் கொண்டுவந்தார், குழியை நிரப்ப. நான் பார்க்க வேண்டாமென்று திண்டிவனம் போகக் கிளம்பினேன். சாலைக்கு வரும்போது பின்னால் அக்காவின் சத்தம்.

"கொட்டாத. திருப்பு வண்டிய."

திரும்பி வந்தேன். எனக்காகத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "பரவால்லக்கா, மூடிடு. போட்டோ இருக்குது" என்றேன்.

"உன் போட்டோ யாருக்குடா வேணும்? இதச் சொல்லு. பொகை பண்ணையாண்ட போச்சே, ஆளு போவ முடியுமா?"

"முடியாது. கை அளவுதான். காத்து போய் வரத்தான் வச்சிருக்காங்க."

"காத்து வரும்ல?"

"வரும்."

"அப்பப் போதும். மூலையில ஒரு பீம் போட்டுத் தாண்டி கட்டுவோம். கொழி வூட்டுக்குள்ள வரட்டும். சமையக்கட்டுக்குக் கீழ. மேல ஒரு கல்லு போட்டுட்டு அரிசி டிரம்ம வச்சிட்டா எவனுக்கும் தெரியாது."

மாமா தலையில் கை வைத்தார். "எதுக்குடி? எலி வரும், பாம்பு வரும்."

அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். சாந்து குழைக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டே, நான் கூடவே நடக்க, குடத்துக்குக் குடம் கொஞ்சமாகச் சொன்னாள். "நீ அப்போ கைக்கொழந்த. ஊர்த்தெருவுக்கும் நமக்கும் தகராறு. வூட்டையெல்லாம் கொளுத்துனாங்க. அம்மா உன்ன என் இடுப்புல வச்சி, கரும்புக் கொல்லைக்குள்ள ஓடுன்னு சொன்னா. ராத்திரி பூரா அங்கதான். நீ அழுவ ஆரம்பிச்ச. என் கையால உன் வாயப் பொத்திகினு இருந்தேன். ரொம்ப அழுத்திட்டேனோன்னு பயம். எடுத்தா நீ கத்துவ. எட்டு வயசு எனக்கு." குடத்தைக் கவிழ்த்தாள். "கரும்பு அறுத்துட்டா ஓட எடம் இல்ல. அதுதான்."

இதை வீட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. எத்தனை வருடம் துருக்கிக்காரர்களைப் பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். "இப்பல்லாம் அப்டி நடக்காதுக்கா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரோட்டா வாங்கித் தரச்சொல்லி அழுகிற சின்னவளைப் பார்ப்பாளே, அப்படி.

பேஸ்மட்டம் ஏறியது. மாதக் கடைசிக்கு முன்னால் ஓவர்சீர் வந்து அக்காவை மூலையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். குழியின் மேல் சாக்கும் பலகையும் போட்டிருந்தோம். அவர் அதன் மேலேயே நின்று எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழிக்குப் படி வைக்க வேண்டுமென்றாள். நான்தான் இறங்கினேன். எதையும் தொடாதே என்று பேராசிரியர் சொன்ன சுவரில், உளி வைத்துத் துளை போட்டு, வளைத்த கம்பிகளைச் செருகிச் சிமெண்ட் வைத்தேன். விரல் தடம் இருக்கிற பக்கத்தை விட்டு அடுத்த பக்கத்தில் வைக்கலாமென்று பார்த்தேன். எல்லாப் பக்கமும் தடம் இருந்தது. குறைவாக இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து அடித்தேன். ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். "கிட்ட கிட்ட வைடா, சின்னதுங்களுக்குக் கால் எட்டணும்" என்று மேலிருந்து அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சிமெண்ட் இறுகியதும் அடுத்த வாரம் அவளே இறங்கிப் பார்த்தாள். புடவையைச் செருகிக்கொண்டு, கம்பி கம்பியாக, ஏணியில் இறங்குவது போல இறங்கினாள். விளக்கு வேண்டாமென்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கீழே அவள் தலை தெரிந்தது. அப்புறம் குனிந்தாள். உள் அறைக்குள் போய்விட்டாள்.

நானும் மாமாவும் மேலே நின்றோம். மாமா பீடி பற்ற வைக்கப் போய், வேண்டாமென்று பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா" என்றேன்.

சத்தமில்லை.

"அக்கா. போதும், வா."

ஒன்றுமில்லை. குழி வாயில் முட்டி போட்டுக் குனிந்து, தொண்டை கிழியக் கத்தினேன். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மாமா என் தோளைப் பிடித்தார். நான் கம்பியில் கால் வைத்துப் பாதி இறங்கிவிட்டேன். அப்போது கீழே பலகைக்கல் நகரும் சத்தமும் வளையல் சத்தமும் கேட்டன. திறப்பிலிருந்து தலையை நீட்டி, நிமிர்ந்து, முந்தானையால் முகத்து மண்ணைத் துடைத்தாள்.

"எவ்ளோ நேரமாக் கூப்புடறேன், காதுல வுழல?"

"கூப்ட்டியா?" என்றாள். "ஒண்ணும் கேக்கலடா." அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வீட்டுக்குப் பெயர் வந்த அன்றுகூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. "இன்னொரு தபா கத்து, பாப்போம்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே குனிந்தாள்.